ஃபுளோரன்ஸின் பழைய நகரப் பகுதியில் வாடகை வீடு எடுத்துத் தங்குவது வயதான பெற்றோருக்கு ஒத்துவருமா?

பெற்றோருடன் ஃபுளோரன்ஸ் செல்லும் நீங்கள், ஓட்டலை விடுத்துப் பழங்கால மாளிகை ஒன்றில் ஒரு வாரத்துக்கு வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம், ஆனால் படிக்கட்டைப் பற்றி எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

நானும் மனைவியும் மாமியாரும் ஆர்னோ ஆற்றின் தென்கரையில், சான்டோ ஸ்பிரிட்டோ தேவாலயத்துக்கு அருகில் ஆறு இரவுகள் அப்படி ஒரு வீட்டில் தங்கினோம். விளம்பரத்தில் ‘மூன்றாம் மாடி’ என்று இருந்ததால் அறுபது படிகளுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தபோது 94 படிகள் இருந்தன. இம்மாளிகைகளில் கடைக்கும் கிடங்குக்குமாகக் கட்டிய தரைத்தளமே உயரமானது. அதற்கு மேல், செல்வக் குடும்பத்தார் விருந்தினரை வரவேற்ற ‘பியானோ நோபிலே’ என்னும் முதன்மைத் தளமும் உயர்ந்த கூரை கொண்டது. சில கட்டடங்களில் இடையே மாடிக் கணக்கில் சேராத ஒரு தாழ்ந்த தளமும் உண்டு. நடுவில் தேய்ந்து குழிந்திருந்த அந்தச் சாம்பல் நிறக் கற்படிகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிய மாமியார், “இதுக்குப் பழனி மலையே தேவலை மாப்பிள்ளை, அங்க விஞ்சாவது இருக்கு” என்றார்.

இரண்டாவது மின்சாரம். இத்தாலிய வீடுகளின் வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே என்பது எனக்குத் தெரியாது. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சார அடுப்பில் சாதம் வைத்தோம், வீடே இருண்டது. மீட்டர் பெட்டி கீழே நுழைவாயிலில் இருந்ததால், கைப்பேசி வெளிச்சத்தில் அத்தனை படியும் இறங்கிப் போய் சுவிட்சை மேலே தூக்கிவிட்டு வந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மர உத்தரங்கள் தாங்கிய கூரையும், காலுக்கு இதமான சுடுமண் தரையும், காலையில் மரச் சன்னலைத் திறந்ததும் சந்தைக் கடைகள் விரியும் சத்தமும் ஓட்டலில் கிடைக்காதவை. நம்மவர்கள் தயங்கும் கழிவறை விஷயத்திலும் கவலை வேண்டாம்: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது ‘பிடே’ என்னும் கழுவு தொட்டி இருக்க வேண்டும் என்று 1975இலேயே இத்தாலியில் விதி வந்துவிட்டது.

சட்டப்படியான வீடுதானா என்பதை அறிய, விளம்பரத்தில் ‘சின்’ எனப்படும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் அது கட்டாயம். உரிமையாளர் பாஸ்போர்ட் விவரம் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம், தங்குபவர்களின் விவரத்தைக் காவல் துறைக்கு அனுப்புவது அவர் கடமை. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரியும் உண்டு. வாடகைக் கார் மட்டும் வேண்டவே வேண்டாம்: அனுமதியில்லாத வண்டி பழைய நகருக்குள் நுழைந்தால் கேமரா எண்ணைப் படித்துவிடும், அபராதம் ஊர் திரும்பிய பிறகும் வந்து சேரும். விமான நிலையத்திலிருந்து டிராம் இருக்கிறது.

லிஃப்ட் இருக்கிறதென்றால், பெட்டியோடு எத்தனை பேர் ஏறலாம் என்றும் கேளுங்கள். படிக்கட்டின் நடுவே செருகிய லிஃப்டுகள் மிகச் சிறியவை. இல்லையென்றால் ‘குவான்தி கிரதீனி?’, அதாவது எத்தனை படி என்று ஒரே வரி அனுப்புங்கள். மாடிக் கணக்கைப் பதிலாகச் சொன்னால் மறுபடியும் அதையே கேளுங்கள்.