200 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்க ஹால் சுமார் 60 அடி நீளம். 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர், மேடையின் இரு பக்கமும் தரையில் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். கடைசி வரிசையில் பேச்சு புரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் மைக் ஊளையிடுகிறது. 200 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ‘கொஞ்சம் ஏறியிருக்கிறதோ’ என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு மின்சக்தி, அதாவது 1000 வாட்ஸ் ஆகும். உங்கள் பாக்ஸ் அதைத் தாங்காது.

காசு செலவில்லாத ஒரு வழியை முதலில் பாருங்கள். வாயிலிருந்து கிளம்பும் ஒலி விரிந்துகொண்டே போகிறது. தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். பேசுபவர் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தால், அதை மூன்று விரற்கடை தூரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர் 5 ஆனால் 12 டெசிபல் லாபம். ஆம்ப்ளிஃபயரை மாற்றி இதே லாபம் பெற 1600 வாட்ஸ் தேவைப்படும்! நம் ஊரில் மைக் கிடைத்ததும் அதை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுபவர்கள்தான் அதிகம்.

ஊளைக்கும் இதுவே பாதி மருந்து. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைந்து, பெருகி, திரும்ப வெளிவந்து சுற்றிச் சுற்றி வருவதுதான் அந்த ஊளை. வாய் பக்கத்தில் இருந்தால் வால்யூமைக் குறைத்தே வைக்கலாம், சுற்று அறுந்துவிடும். மீதிப் பாதி, பாக்ஸை வைக்கும் இடம். அது மைக்குக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் எந்த மைக்கும் ஊளையிடும்.

அப்புறம், பாக்ஸைத் தரையிலிருந்து எடுங்கள். ‘பத்து’ என்றாரா ‘சத்து’ என்றாரா என்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் உயர் அதிர்வெண் கொண்டவை. முன் வரிசை ஆட்களின் உடம்பும் உடுப்பும் அவற்றைத் தடுத்து உறிஞ்சிவிடும். கனத்த ஒலி மட்டும் வளைந்து பின்னால் போகும். அதனால்தான் சத்தம் கேட்டும் பேச்சு புரிவதில்லை. ஸ்டாண்டில் ஏற்றித் தலைக்கு மேலே வைத்து, கடைசி வரிசையைப் பார்க்க லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லையா? சரி, அப்போது ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்று அதன் விவரத் தாளில் இருக்கும். 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸில் தரும் சத்தத்தை 93 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே தந்துவிடும். கோவில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர் சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்புவது இப்படித்தான். கடையில் இந்த எண்ணைக் கேளுங்கள். அது தெரியாத கடைக்காரர்தான் வாட்ஸைப் பற்றியே பேசுவார்.

கேள்வி: ஆன்லைனில் ‘3000 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று சின்ன ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: பிஎம்பிஓ என்பதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. கம்பெனி இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும் எண் அது. ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று பாருங்கள். அதுவும் போடவில்லையென்றால், நேரடியாக அடாப்டரில் ஓடும் ஸ்பீக்கராக இருந்தால், அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 24 வாட்ஸ்தான். தொடர்ந்து பாடும்போது அதற்கு மேல் வெளியே வர வழியில்லை.