கண் அழுத்தம் இயல்பாக இருக்கும்போது மூளைக்கு எம்ஆர்ஐ எதற்கு?

கண் அழுத்தம் 15தான் இருக்கிறது, ஆனாலும் கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்லச் சேதமாகும் கண்நோய்) என்கிறார்கள், போதாததற்கு மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள், இது பணம் பறிக்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனக்குறை இதற்கு நேர்மாறானது: என்னை இரண்டு ஆண்டுகள் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

43 வயதில் எனக்கும் இதே நோய்தான் என்றார்கள். அழுத்தம் இயல்பின் மேல் எல்லையான 21க்குக் கீழே இருந்தும் பார்வை நரம்பு பாதிக்கப்படும் வகை உண்மையிலேயே உண்டு என்பதால் நானும் நம்பி, இரண்டு ஆண்டுகள் இரவுதோறும் சொட்டு மருந்து விட்டேன். இதற்கிடையே பேருந்து நிலையத்தில் பக்கவாட்டில் வருபவர்கள் மீது மோத ஆரம்பித்தேன். சிவப்பு நிறம் சாயம் போனதுபோலத் தெரிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் செய்தது ஒன்றுதான். இரு கண்களின் ஃபீல்டு டெஸ்ட் (பார்வை எவ்வளவு பரப்பை எட்டுகிறது என்று பார்க்கும் சோதனை) தாள்களையும் அருகருகே வைத்தார். இரண்டிலும் வெளிப்பாதி கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நடுவிலுள்ள செங்குத்துக் கோட்டைத் தாண்டவில்லை. கிளாக்கோமாவில் இழப்பு பெரும்பாலும் கிடைக்கோட்டை ஒட்டி அமையும் என்றும், கண்ணின் பின்புறம் தெரியும் பார்வை நரம்பின் முனையில் குழிவு இருப்பதைவிட எஞ்சிய விளிம்பு வெளிறியிருப்பதே தம்மை உறுத்துகிறது என்றும் சொன்னார். டை ஊசி போட்டு எடுத்த எம்ஆர்ஐயில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்த கட்டி, இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்தைக் கீழிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாகவே அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். வலக்கண் பெருமளவு தேறியது. இடக்கண் அந்த அளவுக்குத் தேறவில்லை.

அந்தத் தாள்கள் முதல் மருத்துவமனையின் கோப்பிலேயே இரண்டு ஆண்டுகள் கிடந்தவை என்பதும், நகல் கேட்டபோது "உங்களுக்கு எதற்குங்க அது?" என்று அங்கே கேட்டார்கள் என்பதும்தான் இன்றும் ஆறவில்லை.

நான் மருத்துவன் அல்லன். எல்லோரும் ஸ்கேனுக்கு ஓடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஸ்கேன் கிளாக்கோமாவை உறுதிசெய்வதற்கானது அன்று. அதைப்போல் தோற்றமளிக்கும் வேறொன்று இல்லை என்று பார்ப்பதற்கானது. 71 வயதான என் அத்தைக்கும் அழுத்தம் இயல்புதான். ஆனால் அவருடைய நரம்பின் குழிவும் ஃபீல்டு டெஸ்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால், கருவிழியின் தடிமனை அளந்து, பகலின் வெவ்வேறு வேளைகளில் அழுத்தத்தைப் பார்த்து, ஸ்கேன் இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கினார்கள். அது சரியென்றே நினைக்கிறேன்.

உங்கள் வயதையோ பார்வை எந்தப் பக்கம் குறைந்தது என்பதையோ நீங்கள் எழுதவில்லை. 50 வயதுக்குக் கீழ் என்றாலோ, எழுத்துகளைப் படிக்கும் நடுப்பார்வையே மங்கியிருந்தாலோ, உங்கள் மருத்துவர் காரணமில்லாமல் கேட்டிருக்க மாட்டார்.