மச்சினன் டிக்கெட்டும் உங்கள் கார்டில்தானா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். வயது 38. நானும் மனைவியும், மச்சினனும் அவர் மனைவியுமாக நாலு பேர் ஆகஸ்ட் கடைசியில் மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்கு ஸ்கூபா டைவிங் போவதாக இருக்கிறோம். இதற்கிடையில் இந்த ஜூலையில் (2024) பெரில் புயல் அந்தப் பக்கமும் போய், இங்கே எங்கள் கூரையையும் பிய்த்துவிட்டது. பவளப்பாறைகள் மிஞ்சியிருக்குமா? 'எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம்' என்ற காப்பீட்டை எடுக்கலாமா? விமானம், ஓட்டல், டைவ் எல்லாம் சேர்த்து 5,240 டாலர். பாயின்ட் கிடைக்கும் என்பதால் எல்லாவற்றையும் என் கார்டில் போடப் போகிறேன். மச்சினன் பிறகு தருவார். கார்டில் ஏற்கெனவே 9,200 பாக்கி, வட்டி 24%. போன வருடப் பயணத்துக்கு அவர் தரவேண்டிய 1,500-ம் அதில் அடக்கம். சேமிப்பு 6,000 இருக்கிறது. மாதம் 1,300 மிச்சமாகும்.

பதில்: பாறையைப் பற்றிப் பிறகு பேசுவோம். 'மச்சினன் பிறகு தருவார்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

பாயின்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டாலருக்கு 3 பாயின்ட் என்றே வைத்தாலும் 5,240-க்கு 15,720 பாயின்ட், அதாவது சுமார் 157 டாலர். 9,200 பாக்கிக்கு இப்போதே மாதம் 184 டாலர் வட்டி கட்டுகிறீர்கள். பயணத்தையும் ஏற்றினால் பாக்கி 14,440, வட்டி மாதம் 289. கூடுதல் வட்டியே மாதம் 105 ஆகிறது. பாயின்ட் முழுவதும் ஒன்றரை மாதத்தில் காலி. இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி நிற்கும் கார்டில் புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடையாது. தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

மச்சினனின் 1,500-க்கு மாதம் 30 டாலர் வட்டியை நீங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அசலைத் திருப்பித் தந்தாலும் அந்த வட்டி வராது. அதைக் கேட்கவும் உங்களுக்கு வாய் வராது. இந்த முறை அவரவர் டிக்கெட்டை அவரவர் கார்டில் போடட்டும். ஓட்டலும் டைவ் கடையும் அறைவாரியாகப் பில் போடுவது வழக்கம்தான். நீங்கள் சொல்லிக் கசப்பாக வேண்டாம். 'நாங்க எங்க ரூமைப் போட்டுட்டோம், லிங்க் அனுப்புறேன், நீயும் போட்டுடு' என்று அக்காவே தம்பியிடம் சொல்லட்டும்.

சேமிப்பு 6,000-ஐப் பயணத்துக்கு எடுக்கலாம் என்று மனதில் ஓடினால், முதலில் வீட்டுக் காப்பீட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். டெக்சாஸில் காற்றுச் சேதத்துக்கு டிடக்டபிள் (காப்பீடு தருவதற்கு முன் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 3,20,000 டாலர் வீட்டுக்கு 2% என்றால் 6,400. கூரைக்கு அவ்வளவும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். 'டிடக்டபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று வருகிற கூரைக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019 முதல் டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம்.

இனி நீங்கள் கேட்ட காப்பீடு. இது இப்போது நாகரிகமாகிவிட்டது. சாதாரணப் பயணக் காப்பீட்டைவிடப் பாதி அளவு பிரீமியம் கூடும். ரத்து செய்தால் பொதுவாக 50 முதல் 75% வரைதான் திரும்ப வரும். முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும்; கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். சாதாரணக் காப்பீட்டிலோ, புயலுக்குப் பெயர் வைத்த பிறகு பாலிசி எடுத்தால் அந்தப் புயலுக்குப் பணம் வராது. பெரில் ஏற்கெனவே வந்து போய்விட்டது. 'பாறை உடைந்திருக்கிறது', 'தண்ணீர் கலங்கியிருக்கிறது' என்பதெல்லாம் சாதாரணக் காப்பீடு ஏற்கும் பட்டியலில் உள்ள காரணங்களே அல்ல. வேடிக்கை என்னவென்றால், கோசுமெல் இருக்கும் குயின்டானா ரோ மாநிலத்தில் பவளப்பாறைக்கே காப்பீடு எடுத்திருந்தார்கள். காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலே பணம் வந்துவிடும் என்பது ஏற்பாடு. 2020-ல் டெல்டா புயலுக்குப் பிறகு அப்படி வந்தது. உங்கள் பாலிசி அவ்வளவு தாராளமானது அல்ல.

அந்தப் பிரீமியத்தைக் கொடுப்பதைவிட, திரும்பக் கிடைக்காத பணத்தைக் குறைப்பதுதான் மலிவு. இலவச ரத்து உள்ள ஓட்டல், தேதி மாற்ற முடிகிற டிக்கெட் (ஆக மலிவான வகுப்பில் பெரும்பாலும் மாற்ற முடியாது), டைவுக்குச் சிறு முன்பணம், மீதி அங்கே உண்மையில் டைவ் செய்த நாட்களுக்கு மட்டும். காற்று பலமானால் துறைமுக அதிகாரி படகுகளை நிறுத்திவிடுவார். அன்றைய பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுத்தே ஆக வேண்டிய காப்பீடு வேறு: டைவர்களுக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தருவதைப் போன்ற டைவ் விபத்துக் காப்பீடு. டைவில் உடலுக்குள் வாயுக் குமிழி உண்டானால் தேவைப்படும் அழுத்த அறைச் சிகிச்சையின் செலவைச் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஏற்பதில்லை.

பாறைக்கு வருவோம். 2005 அக்டோபரில் வில்மா புயல் நான்காம் வகை வேகத்தில் கோசுமெல் மீது நகராமல் நின்று அடித்தபோதுகூட, கடுமையாக அடிபட்டவை ஆழமில்லாத பாறைகள். பாலங்கார், சாந்தா ரோசா என்ற டைவ் இடங்களின் பக்கத்து ஆழமான பாறைச் சுவர்கள் பெரும்பாலும் தாங்கின. மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளம்தான் முதலில் ஒடியும். தீவில் ஆறு இல்லாததால் சேறு வந்து சேர்வது குறைவு, தண்ணீர் சீக்கிரம் தெளியும். எனவே சேதம் இடத்துக்கு இடம் மாறும். கடையில் 'பாறை எப்படி இருக்கிறது' என்று பொதுவாகக் கேட்டால் 'பிரமாதம்' என்றுதான் பதில் வரும். இந்த வாரம் எந்தெந்த இடத்தில் இறங்கினீர்கள், எத்தனை அடி தூரம் தெரிந்தது, எந்தப் பகுதியையாவது கடல் பூங்கா நிர்வாகம் மூடியிருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தப் புயலுக்குப் பிறகும் இன்னொரு கேள்வி கட்டாயம்: டேங்கில் காற்றடைக்கும் கம்ப்ரசர் ஓடுவது மின்வாரிய மின்சாரத்திலா, ஜெனரேட்டரிலா? ஜெனரேட்டர் புகை கம்ப்ரசரின் காற்றிழுக்கும் குழாய்க்குள் போனால் டேங்கில் கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். மூக்குக்குத் தெரியாது, ஆழத்தில் அதன் விஷம் கூடும். 10 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டிய டேங்கைத் தொடக்கூடாது. அளக்கும் கருவி இல்லாத கடையில் அந்த நேரத்தில் டைவ் வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி என்பது புயல் பருவத்தின் உச்சத்தை நெருங்கும் நேரம். குளிர்காலத்தில் வடகாற்று வந்து துறைமுகத்தை மூடும். அடுத்த மே மூன்றாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை 9 மாதம், 1,300 வீதம் 11,700. குறைந்துகொண்டே வரும் வட்டியையும் சேர்த்தால் கார்டுக் கடன் ஏறத்தாழ 10,000. மிச்சம் 1,700, மே மாதத்து 1,300-ஐயும் சேர்த்தால் 3,000. உங்கள் இருவர் பங்கு 2,620, சாப்பாட்டுக்கு 400 என்றால் கிட்டத்தட்ட சரியாகிவிடும். மச்சினனின் 1,500-ஐ இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. வந்தால் ஏப்ரலிலேயே போகலாம். அதுவரை அந்தக் கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். 'பன்னிரண்டு தவணையில் பயணம்' என்று வரும் விளம்பரங்களுக்கும் இதே பதில்தான்.

அங்கே ஓட்டல் வரவேற்பறையில் இலவசக் காலை உணவுக்குக் கூப்பிடுவார்கள். அது டைம்ஷேர் (ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமை) விற்கிற இடம், போகாதீர்கள். பல நாள் டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஆறு இரவுக்கு நாலு நாள் டைவ் போதும். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாளையும் சேர்த்துப் பேக்கேஜ் விற்றால், அந்த ஒரு நாளைக் கழித்துப் பில் போடச் சொல்லுங்கள்.