பிரசவ பயம் இருந்தால் பிரசவம் சிக்கலாகுமா?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. வளைகாப்புக்கு வந்தவர்கள் சொன்ன பிரசவக் கதைகளைக் கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. இப்படிப் பயந்தால் பிரசவம் சிக்கலாகும் என்று அம்மா திட்டுகிறார். பேசாமல் சிசேரியனே கேட்டுவிடலாமா?

பதில்: திட்டினால் பயம் போகாது, கூடவே குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பயத்தில் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் கூடும்போது கர்ப்பப்பை சுருங்குவது மந்தமாகலாம். ஆனால் எவ்வளவு? சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டிருந்த 2,206 நார்வே பெண்களிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. உங்களைப் போல எட்டாம் மாதத்தில்தான் அவர்களின் பயத்தை அளந்தார்கள். பயம் அதிகமிருந்தவர்களுக்குப் பிரசவ வலி சராசரியாக 8 மணி நேரம் நீடித்தது, மற்றவர்களுக்கு ஆறரை. தலைப்பிரசவமா, எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) போட்டார்களா போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சிய வித்தியாசம் 47 நிமிடம். பயந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு சுகப்பிரசவம்தான்.

அந்த 47 நிமிடம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தும் “போதும்டா சாமி” என்று வருடக்கணக்கில் நடுங்கும் பெண்கள் இருக்கிறார்களே, அதுதான் கவலை. அவர்கள் வலியைவிட அதிகமாகச் சொல்வது வேறு: தனியாக விட்டார்கள், என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இதை இப்போதே சரிசெய்யலாம்.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் உடனிருக்க ஒரு பெண் துணைக்கு அனுமதி உண்டு. தனியார் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். கதை சொல்லிப் பயமுறுத்தாத ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்! எபிடியூரல் வேண்டுமானால், ராத்திரியிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா என்று விசாரியுங்கள். இன்னொன்று: கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுகூட, தலைப்பிரசவத்தில் முழுதாகத் திறக்க 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். “இன்னும் நாலு செ.மீ.தான் திறந்திருக்கு” என்று நர்ஸ் சொன்னால் உடைந்துபோகாதீர்கள்.

சிசேரியன் கேட்பது தப்பில்லை. ஆனால் அது வயிற்று அறுவை சிகிச்சை. தேற நாளாகும், அடுத்த கர்ப்பத்தையும் பாதிக்கலாம். முதலில் எதற்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள். வலியா, தையலா, குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்றா? அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

உள்பரிசோதனை என்றாலே உடல் நடுங்குகிறது, பழைய கசப்பான அனுபவம் ஏதோ திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது என்றால் மனநல ஆலோசனை அவசியம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தூக்கமின்மை இப்படியே நீடித்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.