குரல் கம்முவது மருந்தாலா, இழுக்கும் விதத்தாலா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. ஆனி, ஆடிச் சாரலில் இழுப்பு அதிகமாகிவிடும். காலையும் இரவும் கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் இன்ஹேலர் பயன்படுத்துகிறார். இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது; நாக்கில் வெள்ளையாகப் படிகிறது. அவசரத்துக்கு நீல இன்ஹேலர் அடித்தால் கை நடுங்குகிறது. 'ஸ்டீராய்டு, நிறுத்திவிடு' என்கிறார் புனலூர்ச் சித்தி. நிறுத்தலாமா?
- வாசகி, செங்கோட்டை

பதில்: நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் மூச்சுக்குழாய் வீக்கம் திரும்பும். சாரல் காலத்தில் அது ஆபத்து. சித்தி பயப்படும் ஸ்டீராய்டு இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. கடும் இழுப்பு வந்து மாத்திரைக்குப் போனால் அளவு மில்லிகிராமுக்கு ஏறிவிடும்.

நாக்கில் படிவது பெரும்பாலும் பூஞ்சைதான். நன்றாக இழுத்தாலும் மருந்தில் கணிசமான பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கும்; குரல் கம்முவதும் அதனால்தான். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் தண்ணீரால் கொப்பளித்து, தொண்டை வரை அலசித் துப்பச் சொல்லுங்கள். விழுங்கக் கூடாது. பல் துலக்குவதற்குச் சற்று முன் இழுத்தால் மறக்காது. வெள்ளையைச் சுரண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சைக்கு வாயில் தடவும் மருந்து தருவார்.

இழுக்கும் விதத்தையும் ஒருமுறை கவனியுங்கள். கேப்ஸ்யூல் கருவிக்கு வேகமும் ஆழமும் வேண்டும். மெதுவாக இழுத்தால் தூள் தொண்டையோடு நின்றுவிடும். முதலில் கருவிக்கு வெளியே மூச்சை விட்டு, உதட்டை இறுக்கி ஒரே மூச்சில் இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். கேப்ஸ்யூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை. கருவிக்குள் ஊதினாலோ ஈரக் கையால் தொட்டாலோ தூள் கட்டிபட்டுவிடும். உங்கள் ஊர்ச் சாரலில் சமையலறை அலமாரி அதற்கு இடமல்ல. பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் கேப்ஸ்யூலைப் பட்டையிலிருந்து எடுங்கள்.

நீல இன்ஹேலர் இதற்கு நேர் எதிர்: குலுக்கி, அழுத்தும்போதே மெதுவாக 3 முதல் 5 நொடி இழுக்க வேண்டும். இன்ஹேலரின் வாயில் மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் வைத்தால் எளிது. ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவித் தானே உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றத்தில் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நடுக்கமும் படபடப்பும் நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் என்ற மருந்து தசையையும் இதயத்தையும் தூண்டுவதால் வருபவை. சில மணி நேரத்தில் அடங்கும். நெஞ்சு வலித்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். நடுக்கத்தைவிட, நீல இன்ஹேலரை எத்தனை முறை அடிக்கிறார் என்பதே எனக்குக் கவலை. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுப்படவில்லை. தினசரி மருந்தை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். பிரஷர் மாத்திரையோ கண் அழுத்தச் சொட்டு மருந்தோ இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். டிமோலால் சொட்டுகூட இழுப்பைக் கிளப்பும்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 பஃப் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.