வேலையை விட்டுத் திரைக்கதை எழுதலாமா? முலுண்ட் வாசகருக்கு ஒரு மாதக் கணக்கு

கேள்வி: எனக்கு 31 வயது. மும்பை முலுண்டில் வாடகை வீடு. ஐரோலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை, சேர்ந்து 4 வருடம் 5 மாதம் ஆகிறது. கைக்கு 82,000 ரூபாய் வருகிறது, பேசிக் 36,000. மனைவி பள்ளி ஆசிரியை, 28,000 சம்பளம். மூன்று வயதில் ஒரு மகள். அம்மா எங்களோடு இருக்கிறார், வயது 61, சர்க்கரை உண்டு. மாதச் செலவு 68,000. அதில் வாடகை 24,000, பர்சனல் லோன் தவணை 10,000 (14% வட்டி, பாக்கி 2.4 லட்சம்). எஃப்.டி. 4.2 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 3.1 லட்சம், பி.எஃப். 5.6 லட்சம். ஆறு வருடமாகத் திரைக்கதை எழுதுகிறேன், இரண்டு முழு ஸ்கிரிப்ட் தயாராக இருக்கிறது. ஒரு தயாரிப்பாளர் புதுக் கதை ஒன்றுக்கு 6 லட்சம் பேசியிருக்கிறார். அட்வான்ஸ் 25,000, மீதி படப்பிடிப்பு தொடங்கும்போது. வேலையை விட்டுவிட்டு அந்தேரிப் பக்கம் குடிவந்து முழுநேரமும் எழுதச் சொல்கிறார். மொத்தம் 12.9 லட்சம் இருக்கிறது, மாதம் 40,000 துண்டு விழும், 32 மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ராஜினாமா செய்யலாமா?

பதில்: ஆறு வருடம் ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்து இரண்டு ஸ்கிரிப்ட் முடித்திருக்கிறீர்கள். உங்கள் ஆசையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ராஜினாமா செய்யுங்கள், ஆனால் இந்த மாதம் வேண்டாம். இந்தத் தயாரிப்பாளரை நம்பியும் வேண்டாம்.

முதலில் அந்த 32 மாதம். அதில் பி.எஃப். பணத்தைச் சேர்த்ததுதான் தவறு. ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் அது வரிக்கு உட்படும். எடுக்காமல் விட்டால் 58 வயது வரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், வேலையை விட்ட பிறகு வரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. அது உங்கள் முதுமைக்கான பணம், அதில் கைவைக்காதீர்கள். மிஞ்சுவது 7.3 லட்சம். அதைவிடக் குறைந்த வட்டி தரும் எஃப்.டி.யை வைத்துக்கொண்டு 14 சதவீதக் கடனுக்குத் தவணை கட்டுவதில் அர்த்தமில்லை. முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, இந்த வாரமே கடனை முடியுங்கள். 4.9 லட்சம் நிற்கும். அதில் 1.5 லட்சம் ஆஸ்பத்திரி, ஊருக்கு அவசரப் பயணம் போன்றவற்றுக்கு, தொடக்கூடாது. ஆக, எழுதிக்கொண்டே குடும்பம் நடத்த உங்களிடம் இருப்பது 3.4 லட்சம்.

செலவுப் பக்கம் தவணை போனால் 58,000. இதில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது: மருத்துவக் காப்பீடு. ஆபீஸ் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். நான்கு பேருக்குமாக மாதம் 5,000 என்று இப்போதைக்கு ஒதுக்குகிறேன், அம்மாவின் உடல்நிலையைப் பொறுத்து அது கூடலாம். 63,000 செலவில் மனைவி சம்பளம் போக 35,000 துண்டு விழும். 3.4 லட்சம் பத்து மாதம்கூட வராது.

இதையே ஏழு மாதம் தள்ளிப் பாருங்கள். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்கும். கணக்கு: பேசிக் 36,000, பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5 வருடம். குறைந்தது 1.04 லட்சம் ரூபாய், வரி கிடையாது. 4 வருடம் 240 நாள் போதும் என்று ஆபீஸில் யாராவது சொல்வார்கள். அதை நம்பி வழக்காடும் நிலைக்குப் போகாதீர்கள், ஐந்தை முழுதாக முடியுங்கள். ராஜினாமாக் கடிதத்தையும் அதற்கு அடுத்த நாள் கொடுங்கள். முன்னதாகக் கொடுத்து, நோட்டீஸ் காலம் முடியும் முன்பே உங்களை விடுவித்துவிட்டால் சில நாள் குறைந்து மொத்தமும் போகும்.

கடன் இல்லாமல், புதுக் காப்பீட்டுப் பிரீமியமும் கட்டிக்கொண்டு, இந்த ஏழு மாதத்தில் மாதம் 47,000 சேர்க்க முடியும். 3.29 லட்சம். கையிலுள்ள 4.9, கிராஜுவிட்டி 1.04 இரண்டையும் கூட்டினால் 9.23 லட்சம். தொடாத 1.5 போக 7.73 லட்சம். 35,000 வீதம் 22 மாதம். ஏழு மாதம் பொறுத்தால் எழுதும் காலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. நோட்டீஸ் காலச் சம்பளத்தை நான் சேர்க்கவே இல்லை, அது தாமதமாக வரும் பேமென்ட்களுக்குத் தாங்கலாக இருக்கட்டும். ஃபண்ட் பணம் பங்குச் சந்தை சார்ந்ததாக இருந்தால் வேலையை விடும் முன் லிக்விட் ஃபண்டுக்கு (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) மாற்றிவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டில் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை.

காப்பீட்டை இன்றே ஆரம்பியுங்கள், காரணம் அம்மாவின் சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே அந்தக் காலம் ஓடட்டும். சர்க்கரையை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். அம்மாவுக்குத் தனி பாலிசி, உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே தொகைக்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர். நால்வரையும் ஒன்றாகப் போட்டால் மூத்தவர் வயதை வைத்துப் பிரீமியம் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இப்போது அந்த ஒப்பந்தம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். ‘மீதி படப்பிடிப்பு தொடங்கும்போது’ என்றால், நடிகர் தேதி, பைனான்ஸ், தயாரிப்பாளரின் மனநிலை எல்லாம் கூடி வந்தால்தான் உங்களுக்குப் பணம். நீங்கள் வேலையை முடித்துக் கொடுத்த நாளுக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. எழுதிக் கொடுத்த நாளோடு பணத்தைக் கட்டுங்கள். அதே 6 லட்சத்தை இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: கையெழுத்தின்போது 1 லட்சம், ஒன்லைனும் (கதைச் சுருக்கம்) ட்ரீட்மென்ட்டும் (காட்சிவாரியான விரிவாக்கம்) கொடுத்ததும் 1 லட்சம், முதல் டிராஃப்டுக்கு 2 லட்சம், இரண்டாவது டிராஃப்டுக்கு 1 லட்சம், கடைசி 1 லட்சம் படப்பிடிப்பு தொடங்கும் நாளில் அல்லது இரண்டாவது டிராஃப்ட் கொடுத்து 12 மாதத்தில், எது முந்தியோ அப்போது. கொடுத்த 15 நாளில் பணம் வர வேண்டும் என்றும், இரண்டு திருத்தத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை என்றும் இருக்கட்டும். திருத்தத்துக்கு எல்லை போடாதவர்கள் ஒன்பதாவது, பத்தாவது டிராஃப்டை இலவசமாக எழுதுவார்கள்.

உரிமை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்), பிரிவு 19(4): வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. அந்த ‘தவிர’தான் ஆபத்து. தயாரிப்பாளர் தரப்பு வழக்கறிஞர்கள் ‘பிரிவு 19(4) பொருந்தாது’ என்று ஒரு வரியைக் கடைசிப் பக்கங்களில் சேர்ப்பது வழக்கம். அதைத் தேடிப் பிடியுங்கள். எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் மூன்று வருடத்தில் படம் தொடங்காவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்பும் என்றாவது எழுதி வாங்குங்கள். கால அளவு குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் எழுத்தாளருக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது.

அந்தேரி மேற்கிலுள்ள ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகுங்கள். ஸ்கிரிப்டை ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், சட்ட ஆலோசனையும் உண்டு. நேரேஷனுக்கு, அதாவது கதை சொல்லப் போகும் முன்பே பதிவு, போய்வந்த அன்று மாலையே கதை கேட்டவருக்கு ‘இன்று இந்தக் கதை சொன்னேன்’ என்று இரண்டு வரி மெயில். மத்திய அரசின் பதிப்புரிமைப் பதிவுக்கு எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். எதுவும் வெறும் ஐடியாவைக் காப்பாற்றாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் காட்சி வரிசையோடு, வசனத்தோடு விரிவாக எழுதியதைப் பதியுங்கள்.

இன்னொரு காகிதத்தையும் எடுத்துப் படியுங்கள்: உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அனுமதியில்லாமல் வெளிவேலை கூடாது, பணிக்காலத்தில் உருவாக்கியவை நிறுவனத்துக்கே சொந்தம் என்பது போன்ற வரிகள் இருக்கலாம். இருந்தால் அட்வான்ஸ் வாங்கும் முன் ஹெச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி. ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு காட்சிகூட எழுதாதீர்கள்.

வரி பெரிய பயமில்லை. திரைக்கதை, வசனம் எழுதுபவர்கள் 44ஏடிஏ என்று பேசப்படும் உத்தேச வரி முறையில் வருகிறார்கள். வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. எனவே முழுநேரம் எழுதும் வருடத்தில் இந்த 6 லட்சத்துக்கு வரி வராது. ஆனால் 10% டி.டி.எஸ். (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், 1 லட்சம் 90,000 ஆகத்தான் கைக்கு வரும், மீதி ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பும். மாதக் கணக்குப் போடும்போது எப்போதும் 90-ஐ வைத்தே போடுங்கள். சம்பளம் வாங்கும் வருடத்தில் அட்வான்ஸ் வந்தால் அதன் பாதி சம்பளத்தோடு சேரும்.

அந்தேரிக்குக் குடிபோக வேண்டாம். முலுண்டிலிருந்து லோக்கலில் காட்கோபர், அங்கிருந்து மெட்ரோவில் வெர்சோவா. வாரத்துக்கு இரண்டு சந்திப்புக்கு இது போதும். அங்கே வாடகை மாதம் 15,000 கூடினால்கூட உங்கள் 22 மாதம் 15 மாதமாகச் சுருங்கிவிடும்.

மும்பையில் இருக்கும் தமிழருக்கு ஒரு தனி வசதி உண்டு. இந்தி விளம்பரங்களையும் தொடர்களையும் தமிழாக்கும் வேலை இங்கேயே நடக்கிறது, வாயசைவுக்கு வசனம் பொருத்தி எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இந்த ஏழு மாதத்தில் இரண்டு டப்பிங் ஸ்டுடியோக்களிடம் மாதிரி எழுதிக் காட்டுங்கள். பில் போட்டு 60, 90 நாள் கழித்துப் பணம் வருவது சகஜம் என்பதால் இதை நம்பி வாடகை கட்டாதீர்கள். மாதம் 10,000 வந்தாலே துண்டு 25,000 ஆகி, 22 மாதம் 30 ஆகும்.

வேலையை விட்ட நாளிலிருந்து 16-வது மாதத்தில் கையில் 2.1 லட்சமும் தொடாத 1.5 லட்சமும் இருக்கும். டெஸ்டிங் வேலை திரும்பத் தேட மூன்று மாதமாவது ஆகும். அந்த 16-வது மாதத் தேதியை இப்போதே மனைவியோடு உட்கார்ந்து காலண்டரில் குறியுங்கள். அதுவரை ‘என்ன ஆச்சு?’ என்று வீட்டில் யாரும் கேட்கக்கூடாது, அன்று நீங்கள் பேச்சைத் தள்ளிப்போடக்கூடாது. தயாரிப்பாளருக்கு இந்த வாரம் நான் மேலே பிரித்துக் காட்டிய ஐந்து தவணைகளை மெயிலில் அனுப்புங்கள். ட்ரீட்மென்ட் எழுத வேலையை விடத் தேவையில்லை, ஏழு வாரம் தாருங்கள் என்று சேர்த்து எழுதுங்கள்.