புதியவர்கள் ஒருமுறை வந்துவிட்டுத் திரும்பவில்லை என்றால்

மோட்டார்சைக்கிள் ட்ரையல்ஸுக்கு (காலை ஊன்றாமல் கரடுமுரடான இடங்களைக் கடக்கும் போட்டி) புதியவர்களை ஈர்க்க, செலவு குறைவு என்று விளம்பரத்தில் இன்னும் பெரிதாகப் போடலாமா என்று கேட்கிறீர்கள்; அதில் பயனில்லை. அடுத்த ட்ரையலில், எல்லை குறித்த கடினப் பகுதியான ஒவ்வொரு செக்‌ஷனிலும் புதியவர்களுக்கென ஓர் எளிய பாதையைத் தனி நிற அம்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். உங்கள் யார்க்‌ஷயர் கிளப்புக்கு வருகிறவர்கள் ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி தலைகாட்டுவதில்லை என்கிறீர்கள். அவர்களை விரட்டுவது பணமாக இருக்காது, ஐந்து என்ற அபராதப் புள்ளியாகத்தான் இருக்கும்.

புள்ளி குறையக் குறைய நல்லது: காலே ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம், ஒருமுறை ஊன்றினால் ஒன்று, இருமுறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ ஐந்து. பழைய ஆட்கள் தங்கள் ரசனைக்கு வழுக்குப் பாறையாகத் தேடிச் செக்‌ஷன் போட்டால், புதியவர் நாள் முழுக்க ஐந்தாகவே வாங்குவார். அப்புறம் ஏன் வரப்போகிறார்?

கடைசி ட்ரையலின் மதிப்பெண் அட்டைகளில் புதியவர்களுடையதை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஐந்து என்றால் பாதையில்தான் கோளாறு. ஒன்றும் மூன்றும் கலந்திருந்தால் காரணம் வேறு; ஒருவேளை அன்று யாரும் அவர்களிடம் பேசியிருக்கவே மாட்டார்கள்.

வேகப் போட்டி இல்லாததால் டயரும் எஞ்சினும் நெடுநாள் தாங்கும், பழைய பீட்டா, காஸ்காஸ் பைக் ஏதாவது போதும் என்பதெல்லாம் சரி. ஆனால் ட்ரையல்ஸ் பைக்கில் உட்கார இருக்கையே பெயருக்குத்தான். பெரும்பாலும் வேனிலோ ட்ரெய்லரிலோதான் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓட்டிப் பார்க்க பைக் கொடுப்பதாக இருந்தால், காப்பீடு செல்லுமா என்று முதலில் பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் விளையாட்டு அமைப்பான ஏசியுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.